சாணியும் கத்தரியும்: 1,500 பவுண்டு மருந்தின் கதை

போன கார்த்திகையில் எங்கள் வீட்டில் ஒரு சின்னச் சண்டை. காரணம் ஒரு மல்லிகைச் செடி.

ஊர் மதுரைக்குத் தெற்கே. வீட்டுக் கொல்லையில் சுவரோரமாக அப்பா வைத்த குண்டுமல்லி. அவர் இருந்தவரை வருஷா வருஷம், கார்த்திகை பிறந்து பத்துப் பன்னிரண்டு நாளில் அவரே அதை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார். அவர் போய் எட்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அதில் யாரும் கை வைக்கவில்லை. அம்மா வைக்க விடவில்லை என்பதுதான் சரி. செடி சுவர் ஏறி, மாடிப்படிக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு, வெளியே பார்க்க நல்ல பச்சையாக நின்றது. கையால் விலக்கி உள்ளே பார்த்தால் காய்ந்த குச்சிகள், சருகு, ஒரு ஓணான். சித்திரை மாதத்தில்கூட ஒரு முழம் தொடுக்கப் பூ தேறவில்லை.

எனக்கு பெங்களூரில் வேலை. லீவுக்குப் போனபோது தோட்ட வேலைக்கு வரும் அண்ணனைக் கூப்பிட்டேன். செடியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கவாத்து பண்ணிருவோம் தம்பி" என்றார். அம்மா விடவில்லை. "பச்ச உசுரு. அவரு வச்சது. கொன்னுப்புடாதீங்க." ஒரு வழியாகச் சமாதானம் சொல்லி வெட்டி முடித்தபோது, தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு வெறும் குச்சிகள் மட்டும் நின்றன. அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அண்ணன் கொட்டாங்குச்சியில் பச்சைச் சாணி கொண்டுவந்து, பருத்த வெட்டுவாய் ஒவ்வொன்றிலும் அப்பத் தொடங்கினார்.

"எதுக்குண்ணே சாணி?"

"புண்ணுக்கு மருந்து போட வேணாமா?"

எனக்குள் இருக்கும் இன்ஜினியர் சும்மா இருக்கவில்லை. "கிழக்குப் பக்கம் போட்டது போதும்ணே, மேற்குப் பக்கம் அப்படியே விட்ருங்க. என்ன ஆகுதுன்னு பார்ப்போம்" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் விட்டுவிட்டார். அந்தப் பரிசோதனை என்ன ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அன்று ராத்திரி, வெட்டுக்காயத்துக்குச் சாணி போடும் பழக்கத்தைப் பற்றித் தேட ஆரம்பித்தேன். மாட்டுவண்டித் தடத்தில் போவேன் என்று நினைத்தால், போய் நின்ற இடம் லண்டன். வருஷம் 1791.

அரண்மனைத் தோட்டக்காரர்

வில்லியம் ஃபோர்சைத் 1737-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயரில் பிறந்தவர். லண்டனுக்கு வந்து, செல்சீ மூலிகைத் தோட்டத்தில் பிலிப் மில்லரிடம் வேலை கற்றார். அன்றைய இங்கிலாந்தின் தோட்டக்காரர்கள் வேதப் புத்தகம் மாதிரி வைத்திருந்த தோட்டக்கலை அகராதியை எழுதியவர் இந்த மில்லர். 1771-ல் மில்லரின் இடத்துக்கே ஃபோர்சைத் வந்தார். பிறகு மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அவரைக் கென்சிங்டன், செயின்ட் ஜேம்ஸ் அரண்மனைத் தோட்டங்களுக்குத் தலைமைக் கண்காணிப்பாளராக நியமித்தார். தோட்டக்காரர் ஒருவர் அந்தக் காலத்தில் ஏறக்கூடிய உயரம் அவ்வளவுதான்.

கென்சிங்டன் தோட்டத்தில் அவருக்குக் கிடைத்தவை கிழட்டு மரங்கள். உள்ளே பொந்து விழுந்த, பட்டை உரிந்த, சொறி பிடித்த பேரி மரங்களும் ஆப்பிள் மரங்களும். அவற்றுக்கு அவர் ஒரு பூச்சு மருந்து செய்தார். செய்முறையைப் படித்ததும் எனக்குக் கொல்லையில் கொட்டாங்குச்சியோடு நின்ற அண்ணன்தான் ஞாபகம் வந்தார். புதிய மாட்டுச் சாணம் ஒரு புஷல், அதாவது சுமார் 35 லிட்டர். பழைய கட்டடத்தை இடித்த சுண்ணாம்புக் காரை அரை புஷல். விறகுச் சாம்பல் அரை புஷல். மணல் ஒரு புஷலில் பதினாறில் ஒரு பங்கு. காரை, சாம்பல், மணல் மூன்றையும் நன்றாகச் சலித்து, சாணத்தோடு சேர்த்துப் பிசைய வேண்டும். காயத்தில் செத்த பகுதியையெல்லாம் நல்ல மரம் தெரியும்வரை செதுக்கி எடுத்து, விளிம்பை வழவழப்பாக்கி, மேலே மெல்லிசாகப் பூச வேண்டும். அதன்மேல் சாம்பலும் சுட்ட எலும்புப் பொடியும் தூவ வேண்டும். பின்னாளில் இதையே சிறுநீரும் சோப்புத் தண்ணீரும் விட்டுக் கரைத்து, பெயின்ட் மாதிரி தூரிகையால் அடித்தார்.

இந்த மருந்து பொந்து விழுந்த மரத்தைக்கூட மறுபடி முழுமையாக்கும் என்பது அவருடைய வாதம். கனி மரத்தோடு இது நின்றிருந்தால் தோட்டக்காரர்களின் பேச்சாகவே முடிந்திருக்கும். ஆனால் ஓக் மரத்துக்கும் இது பலிக்கும் என்றார். அங்கேதான் அரசாங்கம் காதைத் தீட்டிக்கொண்டது.

ஓக் என்றால் கப்பல். ஒரு பெரிய போர்க்கப்பல் கட்ட ஆயிரக்கணக்கான ஓக் மரங்கள் வேண்டும். கப்பலுக்கு ஆகிற அளவுக்கு ஓக் முதிர நூறு வருஷம் பிடிக்கும். அரசாங்கக் காடுகளில் மரம் குறைந்துகொண்டே வருகிற கவலை வேறு. பழுதுபட்ட ஓக் மரங்களை ஒரு சாணிப் பூச்சு தேற்றிவிடும் என்றால் அது ராணுவ விஷயம். நாடாளுமன்றக் குழு ஃபோர்சைத்தின் மரங்களை ஆராய்ந்து, மருந்து பலன் தருகிறது என்று அறிக்கை கொடுத்தது. 1,500 பவுண்டு பரிசு. அதுவரை ரகசியமாக வைத்திருந்த செய்முறையை ஊருக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. 1791-ல் அவர் அதை வெளியிட்டார். 1802-ல் கனி மரங்களைப் பற்றித் தனியாக ஒரு பெரிய புத்தகமும் எழுதினார்.

ஒரே சமயத்தில் இரண்டு மாற்றம்

எனக்கு இதில் சுவாரசியமான இடம் இதுதான். ஃபோர்சைத்தை வெறும் ஏமாற்றுக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. ஏனென்றால் அவருடைய கிழட்டு மரங்கள் நிஜமாகவே தேறின.

அவருடைய முறையைத் திரும்பப் படியுங்கள். மருந்து பூசுவதற்கு முன் அவர் என்ன செய்கிறார்? செத்த மரத்தைச் செதுக்கி எறிகிறார். அது போக, கிழட்டுப் பேரி மரங்களின் தலையையே வெட்டித் தாழ்த்துகிறார். அடியிலிருந்து புதுக் கிளைகள் வருகின்றன. அந்த இளங்கிளைகளில் காய்ப்பு கூடுகிறது. ஆக, மரத்துக்கு நடந்த காரியங்கள் இரண்டு: ஒன்று வெட்டு, இன்னொன்று பூச்சு. பலனையெல்லாம் பூச்சின் கணக்கில் எழுதினார்கள்.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கோளாறு நன்றாகத் தெரியும். ஒரே ரிலீஸில் இரண்டு மாற்றத்தை அனுப்புவோம். சர்வர் வேகமாகிவிடும். எது காரணம் என்று கேட்டால், எந்த மாற்றத்துக்கு அதிக நாள் உழைத்தோமோ அதைச் சொல்வோம். ஒன்றை மட்டும் திரும்ப எடுத்துப் பார்க்காதவரை விடை கிடைக்காது. வெட்டி, பூசாமல் விட்ட மரம் பக்கத்தில் ஒன்று இருந்திருந்தால் நாடாளுமன்றத்துக்கு 1,500 பவுண்டு மிச்சமாகியிருக்கலாம்.

சந்தேகப்பட்டவர் தாமஸ் ஆண்ட்ரூ நைட். ஆப்பிள் மதுவுக்குப் பேர் போன ஹெரஃபர்ட்ஷயர் பகுதிக்காரர், வசதியான நிலக்கிழார். மரத்தில் சாறு எப்படி ஏறுகிறது என்று பரிசோதனைகள் செய்து, 1801 முதல் ராயல் சொசைட்டியின் இதழில் கட்டுரை எழுதிவந்தவர். மரத்தின் பொந்துகளை ஃபோர்சைத்தின் பூச்சு நிரப்பும் என்பதில் தமக்குள்ள சந்தேகங்களை 1802-ல் ஒரு துண்டு நூலாகவே போட்டார். மரத்தின் உள் அமைப்பைத் தெரிந்தவருக்குச் சந்தேகம் வருவது இயல்பு. மரத்தில் புது மரம் உண்டாவது பட்டைக்குச் சற்று உள்ளே இருக்கும் மெல்லிய உயிருள்ள அடுக்கில். நடுவில் இற்றுப்போன பகுதி செத்தது செத்ததுதான். மேலே எதைப் பூசினாலும் அது மறுபடி மரமாகாது.

1804 மார்ச் 7 அன்று லண்டன் பிக்கடில்லியில், ஹேச்சர்ட்ஸ் புத்தகக் கடையில் ஏழு பேர் கூடி ஒரு தோட்டக்கலைச் சங்கம் தொடங்கினார்கள். இன்றைய ராயல் தோட்டக்கலைச் சங்கம் அதுதான். அந்த ஏழு பேரில் ஃபோர்சைத் ஒருவர். அடுத்த நாலு மாதத்தில், ஜூலையில், அவர் இறந்துபோனார். அதே சங்கத்துக்கு 1811 முதல் 1838 வரை தலைவராக இருந்தவர் யார் தெரியுமா? நைட்.

பூச்சு மறைந்ததா என்றால், இல்லை. சாணி போய்த் தார் வந்தது. பிறகு ஈய பெயின்ட், அரக்கு, நிலக்கீல் கலந்த பூச்சுகள். வெட்டிய இடத்தில் எதையாவது தடவாமல் விட்டால் மனசு கேட்கவில்லை. எங்கள் அண்ணன் கேட்ட அதே கேள்விதான்: புண்ணுக்கு மருந்து போட வேணாமா?

ஒரு பூச்செடிக்கு அவர் பெயர்

ஃபோர்சைத் இறந்த அதே 1804-ல், டென்மார்க் தாவரவியலாளர் மார்ட்டின் வால் ஒரு பூச்செடி இனத்துக்கு அவர் பெயரை வைத்தார்: ஃபோர்சிதியா. ஸ்வீடன்காரரான துன்பெர்க் ஜப்பானில் பார்த்து, லைலாக் வகை என்று நினைத்து எழுதிவைத்த செடி அது. தனி இனம் என்று பிரித்தது வால். மல்லிகையின் குடும்பம்தான் இதற்கும். எங்கள் கொல்லைச் செடிக்குத் தூரத்து உறவு.

இந்தச் செடியின் ஒரு வகையைச் சீனாவிலிருந்து 1840-களில் இங்கிலாந்துக்கு அனுப்பியவர் ராபர்ட் ஃபார்ச்சூன். சில வருஷம் கழித்துக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சீனத் தேயிலைச் செடிகளை இமயமலை அடிவாரத்துக்குக் கொண்டுவந்த அதே ஃபார்ச்சூன்தான்.

குளிர் நாடுகளில் பனி விலகும் நேரத்தில், இலை வருவதற்கு முன்னாடியே, குச்சி முழுக்க மஞ்சளாகப் பூக்கும் செடி ஃபோர்சிதியா. அங்கே வீட்டுக்கு வீடு உண்டு. "எப்போது கத்தரிப்பது?" என்ற கேள்விக்கு அந்த ஊர்த் தோட்டப் புத்தகங்கள் எல்லாம் முதல் உதாரணமாகக் காட்டுவதும் இதைத்தான்.

காரணம், அது மொட்டு வைக்கும் காலம். வசந்தத்தில் பூக்கப்போகும் மொட்டை ஃபோர்சிதியா முந்தின கோடையிலேயே, அந்த வருஷம் வளர்ந்த குச்சியில் தயார் செய்துவிடுகிறது. குளிர்காலம் முழுக்க அந்த மொட்டு தூங்குகிறது. இலையில்லாத குளிர்காலத்தில், வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, "காடு மாதிரி மண்டிக் கிடக்கிறதே" என்று ஒருவர் கத்தரியை எடுத்தால், வெட்டி எறிவது அடுத்த மாதத்துப் பூவை. செடி சாகாது. இலை வரும். பூ மட்டும் இருக்காது. அடுத்த வருஷமும் அதே மாதத்தில் அதே காரியம் செய்வார். கடைசியில், "இந்தச் செடி பூக்காத ஜாதி" என்ற முடிவுக்கு வந்துவிடுவார்.

இதைக் கத்தரிக்க வேண்டிய நேரம் பூ உதிர்ந்த உடனே. அப்போது வெட்டினால் புதுக் குச்சி வளர ஒரு முழுக் கோடை கிடைக்கும். அதில் மொட்டு வைக்கும். பல வருஷம் மண்டிப்போன புதராக இருந்தால், எல்லாவற்றையும் நுனியில் மொட்டையடிக்கக் கூடாது. அப்படிச் செய்தால் மேலே மட்டும் தொப்பி மாதிரி அடர்ந்து, உள்ளே வெயில் புகாமல் வெறும் கட்டையாகிவிடும். இருப்பதிலேயே வயதான, பருத்த தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கைத் தரையோடு எடுக்க வேண்டும். அடுத்த வருஷம் இன்னொரு மூன்றில் ஒரு பங்கு. மூன்று வருஷத்தில் புதர் முழுக்கப் புதுசாகிவிடும். நடுவில் எந்த வருஷமும் பூ இல்லாமல் போகாது. பொறுமை இல்லாதவர்கள் ஒரேயடியாகத் தரையோடு வெட்டினாலும் ஃபோர்சிதியா பிழைத்துக்கொள்ளும். அடுத்த வசந்தத்தில் பூவை எதிர்பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான செடியும் அங்கே உண்டு. சீனாவிலிருந்து வந்த பட்லியா. பட்டாம்பூச்சிகள் மொய்க்கும் என்பதால் பட்டாம்பூச்சிப் புதர் என்பார்கள். அது அந்த வருஷம் புதிதாக வளர்ந்த குச்சியின் நுனியில் பூக்கும். அதைக் குளிர் விடும் நேரத்தில் கொஞ்சமும் இரக்கம் பார்க்காமல் ஒட்ட வெட்ட வேண்டும். எவ்வளவு புதுக் குச்சியோ அவ்வளவு பூ.

பூச்செடிக் கவாத்தில் "எப்போது" என்ற கேள்விக்கு முக்கால்வாசி விடை இதிலேயே இருக்கிறது. பூ போன வருஷத்துக் குச்சியில் வருகிறதா, இந்த வருஷத்துக் குச்சியில் வருகிறதா? முதல் வகை என்றால் பூத்து முடிந்ததும் வெட்டு. இரண்டாம் வகை என்றால் புது வளர்ச்சி தொடங்குவதற்கு முன் வெட்டு. எதைப் பூசுவது என்று புகழ்பெற்றவரின் பெயரைத் தாங்கிய செடி, எப்போது வெட்டுவது என்பதற்குப் பாடமாக நிற்கிறது. வால் இதை நினைத்துப் பெயர் வைத்திருக்க மாட்டார்தான்.

புண் ஆறுவதில்லை

சரி, பூச்சின் கதை எப்படி முடிந்தது? அதற்கு நைட்டுக்குப் பிறகு நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

அமெரிக்க வனத்துறையில் அலெக்ஸ் ஷைகோ என்றொரு ஆராய்ச்சியாளர். 1959-ல் வேலைக்குச் சேர்ந்தார். ஒரே ஆள் தூக்கிப் பிடிக்கக்கூடிய மோட்டார் ரம்பம் வந்திருந்த சமயம். அதுவரை மரத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்தார்கள். இவர் நெடுக்கே பிளந்து பார்த்தார். பதினைந்தாயிரம் மரங்களுக்கு மேல் அப்படி அறுத்தார் என்பார்கள். அவர் கண்டது இது: நம் தோல் மாதிரி மரம் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை. காயம்பட்ட திசுவைச் சுற்றி உள்ளுக்குள் சுவர் எழுப்பி, அந்தப் பகுதியைத் தனி அறையாக அடைத்துவிட்டு, வெளியே புது மரத்தை வளர்த்துக்கொண்டு போகிறது. காயம் அங்கேயேதான் இருக்கிறது, பூட்டிய அறைக்குள். 1977-ல் இதை நான்கு சுவர்க் கோட்பாடாக வெளியிட்டார்.

கடைகளில் விற்ற காயப் பூச்சுகளையும் அவர் குழு சோதித்தது. பூசிய காயம், பூசாத காயம் என்று பிரித்து வைத்து, வருஷக்கணக்கில் காத்திருந்து, பிளந்து பார்த்தார்கள். 13 வருஷ ஆய்வின் முடிவு 1983-ல் வந்தது: பூச்சு எதுவும் உள்ளே இற்றுப்போவதை நிறுத்தவில்லை. நாடாளுமன்றக் குழு செய்யாமல் விட்ட ஒப்பீடு அது.

அப்படியானால் எது முக்கியம்? வெட்டும் இடம். கிளை தண்டோடு சேரும் அடியில் சற்றுப் புடைத்த ஒரு வளையம் இருக்கும். சுவர் எழுப்பும் வேலை நடப்பது அங்கேதான். அதைச் சேதப்படுத்தித் தண்டோடு வழித்து வெட்டினாலும் தப்பு. கை மாதிரி நீளமாகக் கட்டையை விட்டுவைத்தாலும் தப்பு. வளையத்தை ஒட்டி, கூர்மையான கருவியால், நாராகக் கிழியாமல் வெட்ட வேண்டும். மிச்சத்தை மரம் பார்த்துக்கொள்ளும்.

வெட்டுவாயில் தடவும் பொருளுக்கு நிஜமாகவே பலன் இருந்த சந்தர்ப்பம் ஒன்றும் உண்டு. 1933-ல் கலிஃபோர்னியாவில் கென்னத் திமன், ஃபோல்க் ஸ்கூக் என்ற இருவர் அவரைக்காய் மாதிரியான ஒரு பயறுச் செடியின் நுனியைக் கிள்ளினார்கள். நுனி போனதும் பக்கத்து மொட்டுகள் விழித்துக்கொண்டு கிளைக்கும்; முருங்கையைக் கிள்ளிவிட்டால் நடப்பதுதான். ஆனால் கிள்ளிய இடத்தில், ஆக்ஸின் என்ற வளர்ச்சிப் பொருளை அகர் கட்டியில் வைத்து ஒட்டியபோது மொட்டுகள் விழிக்கவில்லை. நுனி இன்னும் இருப்பதாகவே செடி நடந்துகொண்டது. நுனியில் உண்டாகும் ஆக்ஸின் கீழே இறங்கிவரும்வரை, கீழே இருப்பவை வாயைத் திறப்பதில்லை என்று இதிலிருந்து புரிந்தது. அதற்குப் பிறகு 2008-ல் கிளைப்பதைத் தடுக்கும் இன்னொரு ஹார்மோனும், 2014-ல் நுனிக்குப் போகும் சர்க்கரையின் பங்கும் தெரியவந்தன. கவாத்து வேலை செய்வது இப்படித்தான். நுனிக்குப் போய்க்கொண்டிருந்த சாப்பாடும் அதிகாரமும் நின்று, அடியில் தூங்கும் மொட்டுக்கு முறை வருகிறது.

நம்ம ஊர்க் கணக்கு

கவாத்து என்ற சொல்லே தமிழில் இரட்டைப் பொருள் கொண்டது. போலீஸ்காரர்கள் செய்யும் அணிவகுப்புப் பயிற்சியும் கவாத்துதான். கவாத்து மைதானம் என்று பெயர் கேட்டிருப்பீர்கள். அந்தப் பொருளில் அது உருது வழி வந்தது; மலையாளத்திலும் உண்டு. எனக்கு இரண்டும் பொருத்தமாகவே படுகிறது. இரண்டிலுமே உத்தரவு சரியான நொடியில் வர வேண்டும்.

நம்ம வீட்டுப் பூச்செடிகள் பெரும்பாலும் இரண்டாம் வகை. செம்பருத்தி, அரளி, இட்லிப்பூ, காகிதப்பூ எல்லாம் புதுத் தளிரில் பூப்பவை. ஆகவே நாம் தப்பான மாதத்தில் வெட்டினாலும் பெரிதாகத் தண்டிப்பதில்லை. கொஞ்ச நாளில் மறுபடி பூத்துவிடும். இந்தச் செல்லத்தால்தான் "எப்போது" என்ற கேள்வியே நமக்கு மறந்துபோகிறது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் நீலமாகப் பந்து பந்தாய்ப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவை அப்படி வெட்ட முடியாது. அது பெரும்பாலும் போன வருஷத்துக் குச்சியில் பூக்கும். காப்பிச் செடியும் அப்படித்தான். போன பருவத்தில் வளர்ந்த பக்கக் கிளையில் பூத்துக் காய்ப்பதால், பழம் பறித்து முடித்த பிறகுதான் தோட்டத்தில் கவாத்து.

மல்லிகையில் கணக்கு இன்னும் துல்லியம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், ஜாதிமல்லி என்கிற பிச்சிக்கு டிசம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம். தரையிலிருந்து 45 முதல் 50 சென்டிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். காய்ந்தது, நோய்பட்டது, ஒன்றோடொன்று உரசுவது ஆகியவற்றை அடியோடு எடுத்துவிட்டு, எருவும் உரமும் வைத்துத் தண்ணீர் விட வேண்டும். எப்படியும் பூ குறைந்துபோகும் குளிர்மாதங்களைச் செடியின் ஓய்வுக்குக் கொடுத்துவிட்டால், வெயில் ஏறும்போது புதுத் தளிரும் அதன் நுனியில் மொட்டும் தயாராக இருக்கும். அப்பா எந்தப் புத்தகமும் பார்க்காமல் கார்த்திகையில் வெட்டிக்கொண்டிருந்ததும் இதே கணக்கில்தான்.

சாணியை முழுக்கத் தள்ளிவிடவும் வேண்டாம். முருங்கைப் போத்து நடும்போது மேல் வெட்டுவாயில் சாணி அப்புவோம். வேரே இல்லாத குச்சி மேல்பக்கம் காய்ந்துபோகாமல் அது கொஞ்ச நாள் காக்கும். தேயிலைத் தோட்டத்தில் கவாத்து செய்த பெரிய வெட்டுகளில் தாமிர மருந்து தடவுவது, மழைக்காலப் பூஞ்சையைத் தடுக்க. இரண்டுக்கும் குறிப்பான வேலை உண்டு. காயத்தை ஆற்றும், கிழட்டு மரத்தை இளசாக்கும் என்ற ஃபோர்சைத்தின் நம்பிக்கைதான் நிற்கவில்லை.

பரிசோதனை முடிவு

தை கடைசியில் ஊருக்குப் போனேன். வெறும் குச்சியாக விட்டுவந்த இடத்தில், கணுவுக்குக் கணு பச்சைத் தளிர். சாணி போட்ட பக்கமும் துளிர்த்திருந்தது, போடாத பக்கமும் துளிர்த்திருந்தது. பங்குனியில் அம்மா போனில் சொன்னார்: "நேத்து நாலு முழம் தொடுத்தேன். பக்கத்து வீட்டுக்கும் குடுத்தேன்." குரலில் எட்டு வருஷம் கேட்காத ஒரு தெம்பு.

பிறகு, கொஞ்சம் ஜெயித்த தொனியில் இதையும் சேர்த்தார்: "சாணி வச்ச பக்கந்தான்டா நல்லாப் பூத்திருக்கு."

சித்திரையில் நேரில் போய் எண்ணிப் பார்த்தேன். உண்மைதான். கிழக்குப் பக்கம் பூ கூடுதல். சட்டென்று ஒன்று உறைத்தது. கிழக்குப் பக்கம் காலை வெயில் நேராக விழுகிறது. மேற்குப் பக்கம் சுவர்; பாதி நாள் நிழல். சாணியையும் வெயிலையும் ஒரே பக்கத்தில் சேர்த்து வைத்துவிட்டு, எது காரணம் என்று கேட்கிறேன். இருநூற்று முப்பது வருஷம் கழித்து, எல்லாம் படித்த பிறகும், நாடாளுமன்றக் குழு செய்த அதே தப்பு. குச்சி விட்டுக் குச்சி சாணி போடச் சொல்லியிருக்க வேண்டும்.

அம்மாவிடம் இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, வர்ற கார்த்திகைல நீயே வந்து வெட்டு. எந்தக் குச்சிக்கு வேணுமோ அதுக்கு வச்சுக்க" என்றார்.

எட்டு வருஷமாகக் கத்தியே வைக்க விடாதவர், தேதியைத் தானே சொல்லிவிட்டார். லீவு போட்டாயிற்று.